டியூ கட்டும் வண்டி யாருடையது?

சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் வண்டிச் சத்தம் ஓயாது. அறுவடை மிஷின்கள் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போகும். ரொட்டவேட்டர் மாட்டிய டிராக்டர்கள் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயலுக்கு ஓடும். கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வண்டிகளில் பலவற்றின் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். உரிமையாளர் பெயரோடு, கடன் கொடுத்த வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ ஒன்றின் பெயரும் பதிவாகியிருக்கும்.

வீராணமும் வெள்ளாறும் நீர் கொடுக்கிற இந்தப் பூமியில் மிஷின் இல்லாமல் இனி விவசாயம் இல்லை. கதிர் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மழை காத்திருப்பதில்லை. அதனால் கையில் இருக்கும் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணைக்கு எடுத்து வண்டி வாங்குகிறோம். நல்ல விளைச்சல் இருக்கும்வரை எல்லாம் சரியாகப் போகும். ஒரு வெள்ளமோ ஒரு வறட்சியோ வந்து இரண்டு டியூ நின்றுவிட்டால்தான், வாங்கிய நாளில் எதில் கையெழுத்துப் போட்டோம் என்ற நினைவே வரும்.

அந்த நினைவு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதற்குக் கசப்பான சாட்சிகள் உண்டு. 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கம், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைக் காவலர்கள் அடித்து இழுத்த காட்சி செல்போனில் பதிவாகி நாடெங்கும் பரவியது. அடுத்த சில நாட்களில், டிராக்டர் பறிபோன அரியலூர் மாவட்ட விவசாயி ஒருவர் விஷம் குடித்து இறந்தார். 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாகில், டிராக்டரை எடுத்துப் போக வந்தவர்களைத் தடுத்து நின்ற கர்ப்பிணிப் பெண் அதே டிராக்டரின் சக்கரத்தில் நசுங்கி உயிரிழந்தார். அதன் பிறகு, கடன் கொடுத்த மகிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனம் வெளியாட்களை வைத்து வசூலிக்கவோ வண்டி பறிக்கவோ கூடாது என்று 2022 செப்டம்பர் 22 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில்தான் அந்தத் தடை விலகியது.

டியூ கட்டாமல் விட்டது கடன் பாக்கி. அதற்காக யாரும் யாரையும் அடிக்கவோ அவமானப்படுத்தவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதே சமயம், பாக்கி வைத்தவர் காகிதத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் சட்டமும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. தவணை வண்டித் தகராறு ரோட்டில் நடப்பதுபோலத் தெரிந்தாலும் தீர்வது காகிதத்தில்தான். ஆகவே காகிதத்திலிருந்தே தொடங்குவோம்.

கையெழுத்துப் போடும் நாள்

ஷோரூமில் புது வண்டி கழுவி மாலை போட்டு நிற்கும். வீட்டார் எல்லோரும் வந்திருப்பார்கள். அந்த மகிழ்ச்சியின் நடுவில், "அண்ணே, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று முப்பது நாற்பது பக்கங்களில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சில இடங்களில் தொகையும் வட்டியும் நிரப்பப்படாமலே இருக்கும். பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த அரைமணி நேரத்தில் விதைக்கப்படுபவை.

வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை விதிகளின்படி, கடன் விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலை, அதில் சொல்லப்படும் எல்லா இணைப்புகளோடும் கொடுக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறுதொழில்களுக்கும் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற முக்கிய விவரத் தாளும் கட்டாயம். வட்டி, கட்டணங்கள், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. தமிழில் கேளுங்கள், வாங்கிப் பீரோவில் வையுங்கள்.

வட்டிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. "ஒன்பது சதவீதம்தான்" என்று சொன்னால், அது ஃபிளாட் வட்டியா, குறைந்துவரும் அசலுக்கு வட்டியா என்று கேட்க வேண்டும். 6 லட்சம் ரூபாய்க்கு 5 ஆண்டு, 9 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி மட்டும் 2,70,000. மாதத் தவணை 14,500. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 6 லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் அசல் முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 15.7 சதவீத வட்டி. ஒன்பது என்று நினைத்து வாங்கியவர் கட்டுவது பதினாறை நெருங்குகிறது.

டியூ தேதியையும் பேசி வாங்குங்கள். மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் மாதத் தவணை, தை மாசியில் நெல்லும் பங்குனி சித்திரையில் உளுந்தும் விற்றுக் காசு பார்க்கிறவருக்குப் பொருந்தாது. பல வங்கிகள் விவசாய இயந்திரக் கடனுக்கு அரையாண்டுத் தவணை கொடுக்கின்றன. கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை.

நிரப்பாத செக்கைக் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் பிறகு வேறொருவர் தொகையை நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் விழும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் செக் எண்களை எழுதி, எதற்காகக் கொடுத்தது என்று குறித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். "சும்மா சாட்சிக்குத்தான் மாமா" என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரர் மேல் வழக்குப் போடவும் முடியும். சாட்சியாகக் கையெழுத்திடுவதும் ஜாமீனாகக் கையெழுத்திடுவதும் ஒன்றில்லை. எந்தக் கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பார்த்துப் போடுங்கள்.

படிக்காமல் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்பதைக் கடலூர் மாவட்டக் கரும்பு விவசாயிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பெண்ணாடம் பக்கம் தனியார் ஆலைக்குக் கரும்பு அனுப்பிய விவசாயிகள் பலருக்கு, தாங்கள் வாங்காத கடனுக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் பெயரில் ஆலை கடன் வாங்கிவிட்டது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. டிராக்டர் கடனுக்கும் கரும்புக் கடனுக்கும் பாடம் ஒன்றே: நகல் இல்லாத கையெழுத்து, திறந்து போட்ட வீடு.

வண்டி உங்களுடையதா, கம்பெனியுடையதா?

தவணை ஒப்பந்தம் இரண்டு வகை. முதல் வகை வாடகைக் கொள்முதல். இதில் வண்டியின் சட்ட உரிமை கம்பெனியிடம் இருக்கும். நீங்கள் வாடகைதாரர்போல அதை ஓட்டுகிறீர்கள். கடைசித் தவணையும் கட்டி, வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்திய பிறகே வண்டி உங்களுடையதாகும். இரண்டாம் வகை ஹைப்பாத்திகேஷன். இதில் முதல் நாளிலிருந்தே உரிமையாளர் நீங்கள். கடனுக்கு ஈடாக வண்டி காட்டப்பட்டிருக்கிறது. இரண்டையுமே ஊரில் 'ஹெச்.பி. போட்ட வண்டி' என்று ஒரே பெயரில் சொல்வதால் வித்தியாசம் தெரியாமல் போகிறது. உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

வாடகைக் கொள்முதலுக்கு 1972-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டி முடித்தவரிடமிருந்து வழக்குப் போடாமல் பொருளைத் திரும்ப எடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. 2005-இல் ரத்தே செய்துவிட்டார்கள். ஆகவே முக்கால்வாசி கட்டிவிட்டோம், இனி வண்டியைத் தொட முடியாது என்று நம்பி இருக்காதீர்கள். அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இன்று இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவும், நீதிமன்றத் தீர்ப்புகளும், ரிசர்வ் வங்கி விதிகளுமே உங்கள் வேலி.

டியூ நின்றால் கம்பெனி எதுவரை போகலாம்?

ஒப்பந்தத்தில் இடம் இருந்தால், தவணை தவறிய வண்டியைத் திரும்ப எடுக்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2020 அக்டோபரில் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில், 35 தவணைகளில் 7 மட்டும் கட்டியவரின் வண்டியை எடுத்த நிதி நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரை நிறுவனமே உரிமையாளர் என்றும், முன் நோட்டீஸ் கட்டாயமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்றும் அதில் சொல்லப்பட்டது.

அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 2007-இல் ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில், அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2011 நவம்பரில் சிட்டிகார்ப் மாருதி பைனான்ஸ் வழக்கில், வாடகைக் கொள்முதல் வண்டியாக இருந்தாலும் சட்ட வழியில்தான் மீட்க வேண்டும், பலத்தைக் காட்டி எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் நிலை தெளிவாகும்: எடுக்கும் உரிமை ஒப்பந்தத்திலிருந்து வரலாம், மிரட்டும் உரிமை எங்கிருந்தும் வராது.

ரிசர்வ் வங்கி விதிகள் இதை இன்னும் விரித்துச் சொல்கின்றன. நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், எந்த முறையில் எடுப்பார்கள், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி, கட்டினால் வண்டியைத் திருப்பித் தருவது எப்படி, ஏலம் விடுவது எப்படி என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. திட்டுவது, உறவினர் நடுவில் அவமானப்படுத்துவது, மிரட்டுவது எதுவும் கூடாது. தாமதத்துக்காக விதிக்கும் தொகையை அபராதக் கட்டணமாக மட்டுமே போடலாம். அதை அபராத வட்டியாகக் கூட்டுவதும், அதன்மேல் வட்டி போடுவதும் 2024 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

2025-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் கடன் வசூல் வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. கடனாளியையோ குடும்பத்தாரையோ மிரட்டுவதும் பின்தொடர்வதும் பொருளைப் பறிப்பதும் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றங்களாக அதில் உள்ளன. உங்கள் கடன் அதன் எந்தப் பிரிவில் வரும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இல்லாத தனியாரிடம் மீட்டர் வட்டிக்கோ கந்து வட்டிக்கோ வாங்கி மிஷின் எடுத்தவர்களுக்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் துணை இருக்கிறது.

வண்டியை எடுக்க வந்துவிட்டால்

முதலில் உயிர். சக்கரத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். வண்டியை வேகமாக ஓட்டித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தாதீர்கள். ஹசாரிபாகில் போன உயிரை எந்த உத்தரவும் திருப்பித் தரவில்லை.

அடுத்து மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: வந்தவரின் அடையாள அட்டை, உங்கள் கடன் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதம், முன்பே அனுப்பியதாகச் சொல்லும் நோட்டீஸின் நகல். நீதிமன்ற உத்தரவு இருக்கிறது என்றால் அதையும் கேளுங்கள். காட்டுவதைப் போட்டோ எடுங்கள். நடப்பதை யாராவது ஒருவர் வீடியோ எடுக்கட்டும். மிரட்டலோ கைகலப்போ வந்தால் 112-க்கு அழையுங்கள்.

"விருப்பப்பட்டு ஒப்படைக்கிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். உண்மையில் நீங்களாக ஒப்படைக்கவில்லை என்றால் போடாதீர்கள். போட்டுவிட்டால், பறித்தார்கள் என்று பிறகு சொல்ல வாய் இருக்காது.

வண்டியோடு என்னென்ன போகிறது என்று எழுதி வாங்குங்கள். ஹவர் மீட்டரில் உள்ள எண், டயரின் நிலை, பேட்டரி, டீசல் அளவு எல்லாம் குறிக்கப்பட வேண்டும். ரொட்டவேட்டர், கேஜ் வீல், கல்டிவேட்டர், டிரெய்லர் ஆகியவற்றை உங்கள் சொந்தக் காசில் வாங்கி, அவை கடனில் சேராதவை என்றால், கழற்றி வைத்துக்கொள்ள உரிமை உண்டு. ஒப்பந்தத்தின் பொருள் பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

அன்றே சேத்தியாத்தோப்பு காவல் நிலையத்திலோ உங்கள் ஊருக்கு உரிய நிலையத்திலோ எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால், நீங்கள் புகார் செய்வது கடனைப் பற்றி அல்ல, அடித்ததையும் மிரட்டியதையும் வீடு புகுந்ததையும் பற்றி என்று தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே எடுக்கவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன் பிறகும் நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். காவல் துறைக்கும் ஒரு வார்த்தை: கம்பெனிக்கு வசூல் செய்து கொடுப்பது காவலர் வேலை இல்லை. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதற்குப் பாதுகாப்புக் கொடுப்பதோடு அவர்கள் பங்கு முடிகிறது.

பறிபோன வண்டி, விற்ற வண்டி

வண்டி போனதும் மனம் உடைந்து பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நஷ்டம் பெருகுவது அந்த மௌனத்தில்தான். உடனே நிறுவனத்துக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் எழுதுங்கள். முழுக் கணக்கு விவரம் கேளுங்கள். வண்டியை மீட்க எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள், விற்பதானால் எப்போது, எந்த விலை மதிப்பீட்டில் என்று கேளுங்கள். நல்ல விலைக்கு வாங்க ஆள் உங்களிடம் இருந்தால் அதையும் எழுதுங்கள். 5 லட்சம் போகும் வண்டியை 3 லட்சத்துக்கு விற்றுவிட்டு மீதிக்கு உங்கள்மேல் வழக்குப் போட்டால், உங்கள் பக்கம் பேசப்போவது அந்தத் தபால் ரசீதுதான்.

ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கம்பெனி மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 51-ஆம் பிரிவின் கீழ் மனு கொடுக்கலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் பதிவு உரிமையாளரான உங்களுக்கு உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து வரும் கவர்

தவணை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கும்: தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவர் ஒருவர் தீர்ப்பார், இடம் சென்னை என்று எழுதியிருப்பார்கள். பிறகு ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு கவர் வரும். விளம்பரம் என்று நினைத்து அலமாரியில் செருகிவிடுவோம். மூன்று நான்கு மாதத்தில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். சில சமயம், வண்டியை எடுக்க உயர் நீதிமன்ற உத்தரவோடு அட்வகேட் கமிஷனரே வயலுக்கு வந்து நிற்பார். அப்போது அது சட்டப்படியான நடவடிக்கை. தடுத்தால் தவறு நம்முடையதாகும்.

கம்பெனியே தன்னிச்சையாக ஒரு நடுவரை நியமித்தால் எதிர்க்க வழி உண்டு. தகராறின் பலனில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதே திசையில் தீர்ப்பளித்தது. ஆகவே கவர் வந்த உடனேயே, இந்த நியமனத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்று எழுத்தில் அனுப்புங்கள். தகராறு எழுந்த பிறகு 'ஆட்சேபணை இல்லை' என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். தீர்ப்பாகியே விட்டால், தீர்ப்பு நகல் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

செக் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால் கெடு இன்னும் குறுகியது. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் வழக்கு வரும். அது குற்ற வழக்கு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் இதேபோன்ற குற்றப் பிரிவு உண்டு. நோட்டீஸ் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கவரின் மேலேயே எழுதி வையுங்கள்.

மிஷின் கோளாறு என்றால்

இன்னொரு வகைத் தகராறு, வண்டியே சரியில்லாதது. அறுப்பு நாளில் மிஷின் நின்றுவிட்டால் ஒரு பருவத்தின் வாடகை வருமானமே போய்விடும். கோபத்தில் பலர் செய்யும் தவறு, டியூவை நிறுத்துவது. வண்டி விற்றது டீலர். கடன் கொடுத்தது வேறு நிறுவனம். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். கோளாறுக்காக டியூவை நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தவணை தவறியவராகிவிடுவீர்கள். முடிந்தவரை டியூவைக் கட்டிக்கொண்டே, டீலர் மீதும் தயாரிப்பு நிறுவனத்தின் மீதும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுங்கள். ஒவ்வொரு முறை சர்வீஸுக்கு விடும்போதும் ஜாப் கார்டில் குறையும் ஹவர் மீட்டர் எண்ணும் தேதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவையானால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

விவசாயி நுகர்வோர்தானா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு கட்டாயம் எழுப்பும். 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், விதை வாங்கிய விவசாயி நுகர்வோர்தான் என்றும், ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருப்பதால் மட்டும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடப்படாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிஷினை வாடகைக்கும் விடுகிறீர்கள் என்றால், கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கின் தீர்ப்பு அளவுகோல் தருகிறது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக ஓட்டுபவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். பத்து வண்டி வைத்து ஆட்களை விட்டுத் தொழில் நடத்துபவருக்கு அந்தக் கதவு திறக்காது.

எங்கே போவது?

முதல் படி அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர். எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் செல்லலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் இதன் கீழ் வருகின்றன. தொடர்பு எண் 14448. ஆனால் அதே பிரச்சினைக்கு நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ வழக்கு நடந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'சென்னை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்' என்று எழுதியிருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட உரிமை கொடுக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அளவுக்கு மீறிய அபராதம் விதிப்பது, முன்கூட்டியே கடனைத் தீர்க்க வந்தால் வாங்க மறுப்பது போன்ற ஷரத்துகளை அந்தச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஷரத்தையே எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். வழி கேட்க 1915 என்ற உதவி எண் உண்டு.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்ற கவலை வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ வட்ட சட்டப்பணிகள் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். லோக் அதாலத்தில் வட்டியைக் குறைத்து, தவணையை நீட்டித்துச் சமரசம் செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: லோக் அதாலத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால், வங்கி அதிகாரிகள் முன்னிலையில் உங்கள் பிரச்சினை பதிவாகும்.

டியூ கட்ட முடியாது என்று தெரியும் நாள்

வெள்ளம் வடிந்த வயலைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும், இந்தத் தடவை டியூ கட்ட முடியாது என்று. அன்றே வங்கிக்கு எழுதுங்கள். பயிர்ச் சேதத்துக்கு வி.ஏ.ஓ. கொடுக்கும் சான்று, பயிர்க் காப்பீட்டு ரசீது, வயலின் போட்டோ சேர்த்துத் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். கொஞ்சமாவது கட்டி ரசீது வாங்குங்கள். ஏஜெண்டு கையில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். போனை எடுக்காமல் இருப்பவரைவிட, கடிதம் எழுதியவருக்கு எந்த நீதிமன்றமும் காது கொடுக்கும்.

வாங்கும் முன்பே இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி சொந்தமாக வேண்டுமா? வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் இயந்திரம் தருகிறது, வாடகைக்கும் விடுகிறது. உழவன் செயலியில் விவரம் கிடைக்கும். நான்கு ஏக்கருக்கு எட்டு லட்சக் கடன் பல வீடுகளைச் சாய்த்திருக்கிறது.

வீட்டில் யாராவது கடன் பாரத்தில் பேச்சற்றுப் போயிருந்தால் தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் எந்நேரமும் பேச ஆள் உண்டு. வண்டிக் கடனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. உயிருக்கு மாற்று இல்லை.

கடைசி டியூ கட்டிய பிறகும் வேலை முடியவில்லை. கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஹெச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். கொடுத்த செக்குகளைத் திரும்ப வாங்க வேண்டும். ஜாமீன் போட்ட பங்காளியிடமும் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும் அந்த நாளில்தான், மாலை போட்டு ஓட்டி வந்த வண்டி உண்மையில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.